இடுப்பில் கட்டிய உறவு

இறந்தவர் சேமிசி. களவு போனது ஒரு பாய். பழி விழுந்தது, இறந்தவரின் மனைவி கலோலைனேயின் தலையில். உச்சி வேளையில் அடக்கம். அதற்குள் பாய் கிடைத்தாக வேண்டும்.

பாய்தானே என்று கேட்கிறவர் பசிபிக் கடலின் தொங்காத் தீவு மண்ணில் ஒரு நாள்கூட வாழ்ந்திராதவர். தாழை ஓலையை மயிரிழையாகக் கிழித்து, ஐந்து தலைமுறைப் பெண்கள் தம் கண்ணொளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பின்னிய பாய் அது. பட்டுத் துணிபோல் மடியும். ஓரமெங்கும் செங்கிளியின் இறகு. அதற்கென்று ஒரு பெயரும் உண்டு: உறங்காத கடல். நான்கு திருமணங்களையும் ஏழு சாவுகளையும் கண்ட பாய். மனிதர்களில் பாதிப் பேருக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் பாய்க்குக் கிடைத்தது. அதை விரித்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

வேலியெங்கும் கறுப்பும் ஊதாவுமாகத் துணி தொங்கிய ஹவுமாலோ கிராமத்து வீட்டின் முன்னே, காலை ஒன்பதரைக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி இருமிக்கொண்டு நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் லூசியானே. பதினெட்டு ஆண்டுகள் காவல்துறையில் சார்ஜென்டாக இருந்தவர். ஏழை ஒருவரின் கிழங்குத் தோட்டத்தைத் தின்று தீர்த்த பன்றியைக் கயிற்றில் கட்டி நிலையத்துக்கு இழுத்து வந்தார். பன்றிக்குச் சொந்தக்காரர் ஒரு பிரபு என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் கயிற்றை அவிழ்க்கவில்லை என்பதே அவருடைய குற்றம். வேலை போயிற்று, துப்பறியும் பழக்கம் போகவில்லை.

பன்றிக்கு ஜாமீன் கிடைத்தது, சார்ஜென்டுக்குத்தான் கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் மோசேசே. வண்டியோட்டி, உதவியாளன், பெருந்தீனிக்காரன். சாவு வீட்டு வழக்கப்படி அவன் இடுப்பில் கட்டியிருந்த பாய், வயிற்றைச் சுற்றி வந்து மறுமுனையைத் தொடுவதற்கு ஒரு சாண் குறைந்தது. அந்த ஒரு சாணைக் கயிற்றால் சமாளித்திருந்தான்.

"வண்டியை விட்டு இறங்கினதும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்க. சாவு வீடு," என்றார் லூசியானே.

"என் மூஞ்சி தொங்கிட்டுதான் இருக்கு, சார்ஜென்ட். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

வாசலில் அவர்களுக்காகக் காத்திருந்தவள் சேமிசியின் ஒரே மகள் பிசிலா. அழுகையைக் கடந்து கோபத்துக்கு வந்து சேர்ந்திருந்தன அவள் கண்கள். நடந்ததை அவள் நாலே வரியில் சொன்னாள். உள்ளறை மரப்பெட்டியில் இருந்தது பாய். இரவு முழுவதும் பெண்கள் மூட்டைகளோடு அந்த அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். விடிந்ததும் சீர்களை அடுக்கி வைக்கிறேன் என்று உள்ளே போன கௌஃபானா, பெட்டி காலி என்று கத்திக்கொண்டு வெளியே வந்தார். அதன் பிறகு வந்திருந்த பெண்களின் மூட்டைகளை அவிழ்த்தார். அம்மாவின் மெத்தையைக்கூட உதறினார்.

கௌஃபானா, அந்தக் கிராமத்து நிலத்தை ஆளும் பிரபுவின் காரியக்காரர். பிரபு வாய் திறக்கும் முன்பே பிரபுவின் சொல்லைச் சொல்லிவிடுகிறவர். ஊரில் எந்தச் சாவானாலும் சடங்கை நடத்துகிறவர்.

பாய் போனதைவிட, அவர் சொன்ன காரணம்தான் பிசிலாவைச் சுட்டது. சேமிசியின் அக்கா டோவாகாசேக்குப் போக வேண்டிய பாயை, நாத்தனாருக்குக் கொடுக்க மனமில்லாமல் கலோலைனேயே ஒளித்துவிட்டாராம். செத்த புருஷனின் தலைமாட்டிலேயே திருடிய பெண் என்று பிரபுவிடம் சொல்லியாக வேண்டுமாம். எழுதி வைத்த சட்டம் விதவைக்கு மனையைக் கொடுக்கிறது. எழுதாத சட்டமோ பிரபுவின் புருவத்தில் இருக்கிறது. அது நெரிந்தால் மகன் இல்லாத வீட்டில் விதவை எத்தனை நாள் குடியிருப்பாள்?

"அம்மா ஒரு வார்த்தை பேசல. திருடின்னு சொன்னப்பவே வாயை மூடினவங்க. இன்னும் திறக்கல," என்றாள் பிசிலா.

முன்வாசல் படியில் கௌஃபானாவே நின்று அவர்களை வரவேற்றார். ஆறடி உயரம், எண்ணெய் பூசிய குரல். முழங்கால் வரை தொங்கிய பெரிய முரட்டுக் கந்தல் பாய் அவர் இடுப்பில். வெற்றிடம் கிடைத்தால் அதைச் சொற்பொழிவால் நிரப்பும் பழக்கமுடைய அவர், தாம் ஏன் கந்தல் கட்டியிருக்கிறார் என்பதைக் கேட்காமலே விளக்கினார். சேமிசியைப் பெற்ற தாய் தம் குலத்துப் பெண்ணாம். ஆகவே இந்த வீட்டுக்குத் தாம் கீழ்முறை உறவாம். பதவி பிரபுவின் அரண்மனையிலே, பணிவு இந்த வாசலிலே என்றார். நின்றிருந்த கிழவர் இருவர் கண் கலங்கித் தலையாட்டினார்கள்.

பிறகு அவர் மோசேசேயின் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, பந்தி இன்னும் தொடங்கவில்லை என்று தெரிவித்தார்.

"நான் பந்திக்கு வரலீங்க. பாயைத் தேட வந்தேன். வழியில பந்தி வந்தா ஒதுங்க மாட்டேன்," என்றான் மோசேசே.

லூசியானே வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு பெட்டியையும் திறக்கவில்லை. ஒருவரையும் கேள்வி கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் வயிற்றுக்குக் கீழே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்ஜென்ட், ஊர் தப்பாப் பேசப் போகுது. ஆம்பளைங்க இடுப்பை இப்படிப் பாக்குறது பொம்பளைக்கு அழகில்ல."

"மூட்டை எல்லாம் அவிழ்த்தாச்சு. மெத்தையை உதறியாச்சு. விடிஞ்சதுல இருந்து வேலியைத் தாண்டி ஒரு பொட்டலம் வெளியே போகலைன்னு பிசிலா சொல்றா. அப்போ பாய் எங்கே இருக்கும்?"

"எங்கே?"

"பாய் இருக்க வேண்டிய இடத்துலதான். யாரோ கட்டிட்டு நிக்கிறாங்க."

மோசேசே சிரிப்பை அடக்கிக்கொண்டு, கட்டியிருந்தால் செங்கிளி இறகு ஊரைக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்திருக்குமே என்று கேட்டான். அதைத்தான் லூசியானேயும் எதிர்பார்த்திருந்தார். மெல்லிய பாயை மறைக்க ஒரே வழி, மேலே முரட்டுப் பாயைக் கட்டுவது. சாவு வீட்டில் முரட்டுப் பாய் கட்டுகிறவர்களுக்குப் பஞ்சமா?

உயர்வையும் தாழ்வையும் தோலிலே எழுதிய நாடுகள் உண்டு. பிறப்பிலே எழுதிய நாடுகள் உண்டு. இந்தத் தீவிலோ அதை இடுப்பிலே எழுதினார்கள். எவனாயினும் அவன் சகோதரி அவனுக்கு மேல்; அவள் பெற்ற பிள்ளைகளும் அவனுக்கு மேல். அவர்கள் சாவு வீட்டில் மெல்லிய சிறு பாய் கட்டி, பிணத்தின் தலைமாட்டில் அமர்ந்து, சீர் வாங்குவார்கள். அவனைப் பெற்ற தாயின் பிறந்த வீட்டாரும் அவன் பெற்ற பிள்ளைகளும் அவனுக்குக் கீழ். அவர்கள் கந்தல் பாய் கட்டி, பின்கட்டில் மண்ணடுப்பின் புகையில் வேகுவார்கள். சவத்தின் அருகே வர மாட்டார்கள். உறவில்லாதவர்கள் நடுத்தரப் பாயோடு நடுவில் இருப்பார்கள். கண் தெரியாதவன்கூட ஒரு பாயைத் தடவிப் பார்த்து, கட்டியிருப்பவன் செத்தவனுக்கு என்ன உறவு என்று சொல்லிவிடலாம். மனிதனுக்கு மனிதன் இத்தனை படிக்கட்டுகளா என்று மேடை போட்டுக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் துப்பறிகிறவருக்கு அதைவிட வசதியான ஏற்பாடு உலகில் வேறில்லை.

"தப்பான பாய் கட்டின ஆளைக் கண்டுபிடி," என்றார் லூசியானே. "உறவு ஒண்ணு சொல்லும். பாய் வேற சொல்லும்."

பத்து நிமிடத்தில் மோசேசே மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். அடுப்படிக்குப் போய்த் துப்பறிந்ததாகச் சொன்னான். டோவாகாசேயின் மகன் பெனி இன்று விடியற்காலை விமானத்தில் ஆக்லாந்திலிருந்து வந்திருக்கிறானாம். அங்கே பேருந்து பழுது பார்ப்பவன். செத்தவருடைய அக்காவின் மகன். தலைமாட்டில் சாய்ந்துகொண்டு சீர் வாங்க வேண்டியவன். அவன் எப்படி இருக்கிறான் என்று வந்து பார்க்கச் சொன்னான்.

பார்த்தார்கள். பின்கட்டில் இருபது பேர் புகைக்குள் ஓடிக்கொண்டிருக்க, நடுவே ஒரு முக்காலியில் குந்தி, தலைமயிரெல்லாம் தேங்காய்ப்பூவாக, கண்ணீர் வழியத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான் பெனி. நெஞ்சு முதல் கணுக்கால் வரை அவனை மூடியிருந்தது ஒரு மாபெரும் கந்தல் பாய். அவன் பக்கத்தில் துருவி முடித்த ஓடுகள் ஒரு குன்றாகக் கிடந்தன.

லூசியானே குனிந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பார்த்தார். முடிச்சுக்குள் சிக்கியிருந்தது, நகக்கண் அளவில் ஒரு சிவப்பு இறகு.

மோசேசேயின் கண்கள் விரிந்தன. லூசியானே அமைதியாக அவனை எழுந்திருக்கச் சொன்னார். பாய்க்குள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று கேட்டார். பெனியின் முகம் வெளிறிற்று. நாலாபுறமும் பார்த்தான். பாயை நெகிழ்த்தான். உள்ளேயிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்று பொத்தென்று விழுந்தது. இலை விரிந்தது. நிறையப் பொரிந்த பன்றித்தோல்.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"சத்தியமா திருடணும்னு எடுக்கல," என்றான் பெனி. "மணி ஆறரைக்கு வந்தேன். யாரோ ஒரு அம்மா கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வெச்சாங்க. நூத்தி நாப்பது தேங்காய் துருவிட்டேன். தண்ணிகூடத் தரல. கேட்டா, கந்தல் பாய் கட்டினவனுக்கு என்ன வாய்ங்கறாங்க. மாமா சாவுக்கு வந்தேன், மாமா மூஞ்சிய இன்னும் பாக்கல."

அடுப்படிப் பெண்களுக்கு அவனைத் தெரியாது, பாயைத் தெரியும். மேலே அமர வேண்டியவனை ஒரு பாய் கீழே இறக்கியிருந்தது. தலைமாட்டை விட்டு நகராத தாய் டோவாகாசேக்கு, மகன் வந்து சேர்ந்த சேதியே தெரியாது.

"பெனி, உன் பங்கு இதுல முழுப் பன்றி. நீ தோலைத் திருடியிருக்க," என்று அந்தப் பொட்டலத்தைத் துக்கத்தோடு எடுத்துக்கொண்டான் மோசேசே. "சாட்சிப் பொருள், சார்ஜென்ட். நான் பத்திரமா வெச்சிருக்கேன்." பத்திரமாக இரண்டு துண்டை உடனே வாய்க்குள் வைத்தான்.

பாய் இல்லை, இறகு மட்டும் இருக்கிறது. உறங்காத கடலைத் தொட்ட கை எதுவோ இந்த முடிச்சையும் போட்டிருக்கிறது. இந்தப் பாயை அவனுக்குக் கட்டிவிட்டது யார் என்று லூசியானே கேட்டார்.

"வாசல்ல நின்ன பெரிய மனுஷன். உயரமா இருப்பாரே. நான் அம்மா அனுப்பின நல்ல பாயைத்தான் கட்டிட்டு வந்தேன். வெளிநாட்டுல இருந்து வர்றவன் பணிவைக் காட்டணும் தம்பின்னு சொல்லி, அதை வாங்கி வெச்சுக்கிட்டு, இதை அவர் கையாலயே கட்டிவிட்டார்."

லூசியானே முன்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாகச் சாவுச் சடங்கை நடத்துகிறவர் கௌஃபானா. அக்கா மகன் என்ன பாய் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? ஊரில் யார் தவறினாலும் அவர் தவற மாட்டார். தவறாதவர் ஒரு தவறைச் செய்தால், அது தவறாக இருக்குமா? முறை தவறிக் கந்தல் கட்டியவர் ஒருவரே என்றால் ஊர் உற்றுப் பார்க்கும். இருவர் என்றால், பணிவு பெருகிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

"மோசேசே, அந்த ஆளோட பாய் எங்க இருக்கணும்?"

"இங்க, அடுப்படியில."

"கால் எங்க நிக்குது?"

மோசேசே மெல்லுவதை நிறுத்தினான். முன்வாசல் படியில் நிற்கிறது. சவம் கிடக்கும் அறையின் வாயிலில், கந்தல் பாய் ஏறக்கூடாத படியில்.

"இன்னொண்ணு. காவா வட்டத்துல இன்னிக்கு அவர் உக்காந்து பாத்தியா?"

ஒரு கோப்பையையும் விடாத மனிதர். மரநிழலில் ஆண்கள் சம்மணமிட்டுக் காவா என்னும் வேர்ச்சாற்றைக் குடித்துக்கொண்டிருக்க, காலை முழுவதும் அவர் நின்றபடியே இருந்தார். உட்கார்ந்தால் கந்தல் விரியும். விரிந்தால் இறகு தெரியும்.

பிசிலாவைக் கூப்பிட்டு ஒன்று மட்டும் கேட்டார் லூசியானே. இந்த மூலை மனையை அந்தக் காரியக்காரர் எப்போதாவது விலைக்கோ வாடகைக்கோ கேட்டதுண்டா? கேட்டதில்லை, ஆனால் மூன்று முறை வந்து கயிறு பிடித்து அளந்திருக்கிறார். மகனுக்குப் பெட்ரோல் கடை வைக்க இப்படி ஒரு மூலை அமையாது என்று அப்பாவிடமே சொன்னாராம்.

மோசேசே உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டான். போய்ப் பாயை உருவிவிடலாமா என்றான். லூசியானே தலையசைத்து மறுத்தார். பிரபுவின் காரியக்காரர் இடுப்பில் யார் கை வைப்பது? வேலையிழந்த சார்ஜென்டா, திருட்டுப் பட்டம் சுமக்கும் விதவையா? தொட்டால் அவமதிப்பு. தொடாவிட்டால் அடக்கம் முடிந்ததும் பாயும் மனையும் ஒன்றாக நடந்து போய்விடும். பெரியவர்கள் தங்களைச் சுற்றி வேலி கட்டிக்கொள்வது இப்படித்தான்: மற்றவர் கை படக்கூடாத இடத்தில் மற்றவர் பொருளை வைத்துக்கொள்வது.

"தொடுறதுக்கு உரிமை உள்ள கை இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு," என்றார் லூசியானே. "அதுக்கு முதல்ல அந்த ஆளே வாயால அனுமதி கொடுக்கணும்."

பதினொன்றே முக்காலுக்குப் பித்தளை வாத்தியங்கள் முழங்கின. பிரபுவின் கார் வந்து நின்றது. கூடத்தில் நெருக்கியடித்து இருநூறு பேர். மரப்பட்டைத் துணி விரித்த மேடையில் சேமிசி கண் மூடிக் கிடந்தார். கால்மாட்டில் கலோலைனே தலை கவிழ்ந்து, கல்லாக. தலைமாட்டில், சின்னஞ்சிறு மெல்லிய பாயோடு, மலையாக அமர்ந்திருந்தார் டோவாகாசே.

இந்த வீட்டில் அவர்தான் ஃபாஹு; மூத்த சகோதரிக்கு உரிய பட்டம் அது. அந்தப் பட்டத்துக்கு முன்னால் கீழ்முறை உறவுக்காரன் எவனுக்கும் சொந்தப் பொருள் என்று ஒன்று கிடையாது. அவர் கேட்டால் கொடுக்க வேண்டும், கேட்காமல் எடுத்தாலும் சிரிக்க வேண்டும். அந்த உரிமையை டோவாகாசே வீணாக விட்டவரல்லர். தம்பியின் வானொலியை எடுத்திருக்கிறார், வண்டியை எடுத்திருக்கிறார். ஒரு முறை தம் வீட்டுச் சமையலறைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று இந்த வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு போனார். அதனால்தான் கௌஃபானாவின் கதையை ஊர் நம்பியது. இந்த நாத்தனாரிடமிருந்து எதையாவது ஒளிக்க எவளுக்குத்தான் தோன்றாது?

பிரபு அமர்ந்தார். லூசியானே குனிந்து வந்து டோவாகாசேயின் காதில் ஏதோ சொன்னார். கிழவியின் புருவம் ஒன்று மேலே ஏறியது. இறங்கவில்லை. மகனைக் கூட்டி வரச் சொன்னார்.

பெனி வந்தான். முன்வாசல் வழியாக, தலையில் தேங்காய்ப்பூவும் முகத்தில் கரியும் மார்பு வரை கந்தலுமாக. கூடம் மூச்சை இழுத்துக்கொண்டது. மேல்முறைக்காரனைக் கீழ்முறைக் கோலத்தில் பார்ப்பது, மாப்பிள்ளையைச் சமையற்காரன் வேடத்தில் பார்ப்பது போன்றது. சிரிப்பதா அழுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

யார் இதை இவனுக்குக் கட்டியது என்று டோவாகாசே கேட்டார். பெனி கை நீட்டினான்.

கௌஃபானா கலங்கவில்லை. தொண்டையைச் செருமினார். மேடை கிடைத்த மகிழ்ச்சி அவர் முகத்தில் பரவியது. பணிவின் பெருமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெளிநாட்டுப் பிள்ளை அதைக் கற்கட்டும் என்று தாம் கருதியதாகவும், தவறென்றால் பொறுத்தருள வேண்டும் என்றும் சொன்னார்.

"பையனை விடுங்க ஐயா," என்றார் லூசியானே, மிகுந்த மரியாதையோடு. "நீங்க கட்டியிருக்கிறதும் கந்தல்தான். நீங்க உறவு இல்லைன்னு சிலர் பேசிக்கிறாங்க. உறவில்லாதவர் கட்டினா செத்தவரைக் கேலி பண்ணின மாதிரி ஆயிடும். பிரபு இருக்கார். அவர் முன்னாடி நீங்களே சொல்லிட்டா நல்லது."

பொறி இரண்டு வாய் வைத்திருந்தது. உறவில்லை என்றால், சவத்தைக் கேலி செய்தவன். உறவு என்றால், பெருமை. கௌஃபானா பெருமையைத் தேர்ந்தெடுத்தார். அவர் எப்போதும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

"உறவில்லை என்று எந்த நாக்கு சொன்னது?" என்று முழங்கினார். சேமிசியின் தாய் தம் குலக்கொடி என்றார். தாயைக் கொடுத்த வீடு இந்த வீட்டின் முன் தாழ்ந்த வீடு என்றார். குரல் தழுதழுத்தது, கை டோவாகாசேயை நோக்கி நீண்டது. "இந்த அம்மையார் முன்னால் நான் கீழ்முறை. அவர் காலடியில் நான் தூசு. இதை ஆயிரம் பேர் முன்னாலும் சொல்வேன்."

இருநூறு பேர் கேட்டார்கள். பிரபுவும் கேட்டார்.

"எங்க அம்மா எந்தக் குலம்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது," என்றார் டோவாகாசே. "ரொம்ப சந்தோஷம். தூசுன்னு சொன்னியே, அப்போ உன்னோடது எல்லாம் என்னோடது. அந்தப் பாயைக் கழற்றிக் குடு."

முப்பது ஆண்டுகளில் முதல் முறையாகக் கௌஃபானாவின் குரலில் எண்ணெய் வற்றியது. அடக்கம் முடிந்ததும் தாமே கொண்டுவந்து தருவதாக முணுமுணுத்தார். பழைய கந்தல், அம்மையார் மடிக்கு ஆகாது என்றார்.

"கதவையே கழற்றினவ நான். கந்தல் எனக்கு ஒரு பாரமா?"

டோவாகாசே எழுந்தார். கூட்டம் வழிவிட்டது. கிழட்டு விரல்கள் முடிச்சைத் தேடின; ஒரு இழுப்பு. முரட்டுப் பாய் தரையில் சரிந்தது. அதன் அடியில், எட்டாக மடித்து இறுக்கிச் சுற்றிய இளம்பொன் நிறம். ஓரமெல்லாம் இரத்தம்போல் சிவந்த இறகு.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட ஒலி எழுந்தது. உறங்காத கடலை ஊரே ஒரே நொடியில் அடையாளம் கண்டது.

பிரபுவுக்காகப் பாதுகாத்து வைத்திருந்ததாகக் கௌஃபானா சொல்ல முற்பட்டார். யார் பேரைச் சொல்கிறாய் என்று பிரபு மிக மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவில் முப்பது ஆண்டு உத்தியோகம் முடிந்து போயிற்று. டோவாகாசே இரண்டாவது முடிச்சையும் அவிழ்த்தார். பாயில்லாத இடுப்போடு, சவத்தின் முன்னும் பிரபுவின் முன்னும் நின்றார் கௌஃபானா. இந்தத் தீவில் அம்மணம் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

இனி அந்தப் பாயை டோவாகாசே மடித்துத் தம் பைக்குள் வைப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். உரிமை இருந்தது, பழக்கமும் இருந்தது. அவர் முதலில் கந்தலை எடுத்தார். சீராக மடித்தார். பிரபுவின் முன்னே மண்டியிட்டு, பெருஞ்சீர் வைப்பதுபோல் வைத்தார்.

"உங்க ஆள் கொண்டு வந்தது. உங்களுக்கே சீர்."

ஃபாஹு கொடுக்கும் சீரை மறுக்கக் கூடாது. பிரபு அந்தக் கந்தலை இரு கையாலும் எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தி நன்றி சொன்னார். தூசு உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. தொடர்ந்து, இந்த வீடும் மனையும் கலோலைனேயுடையவை, இன்றும் இனியும் என்று கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னார். பிரபு அந்த நொடியில் நல்லவராகிவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அவ்வளவுதான். ஊர் கண் திறந்திருக்கும்போது அதிகாரம் நீதியாகவே நடந்துகொள்ளும்.

உறங்காத கடலை டோவாகாசே தம் தம்பியின் மேல் விரித்தார். இறகுகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

"குழியை மூடறதுக்கு முன்னாடி எடுத்துப் பிசிலா பெட்டியில வை," என்றார். "அவகிட்டேயிருந்து இதைப் பறிக்கிற உரிமை ஒரே ஆளுக்குத்தான் இருக்கு. அந்த ஆளுக்கு வேணாம்." பின், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வானொலியை மட்டும் திருப்பித் தர மாட்டேன்," என்றார்.

கதவுக்குப் பக்கத்தில் மோசேசே கடைசிச் சாட்சிப் பொருளை விழுங்கினான். கௌஃபானாவைக் கைது செய்ய வேண்டாமா என்று லூசியானேயிடம் கிசுகிசுத்தான். அதற்குள் டோவாகாசே தீர்ப்பு எழுதியிருந்தார். தானே ஒப்புக்கொண்ட கீழ்முறை உறவு; துக்கம் பத்து நாள்; பத்து நாளும் அடுப்படி. பெனி தன் கந்தலைக் கழற்றிப் பணிவோடு கௌஃபானாவின் இடுப்பில் கட்டிவிட்டான். முடிச்சை இரண்டு முறை இறுக்கினான். காரியக்காரர் பின்வாசல் வழியாகப் புகைக்குள் நடந்தார்.

அப்போதுதான் கால்மாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. விடிந்ததிலிருந்து ஊர் கேட்டிராத குரல். கலோலைனே தலை நிமிர்ந்திருந்தார்.

"சேப்பங்கிழங்கை அவர்கிட்டக் குடுங்க. தோலை மெல்லிசா சீவச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் வீணாகக் கூடாது."